பழைய கேப்ரிஸ் புகைகிறது: எஞ்சினை மாற்றுவதா, பிரித்து வேலை பார்ப்பதா?

1984 ஷெவர்லே கேப்ரிஸ், 305 கன அங்குல வி8 எஞ்சின், நீலப் புகை தள்ளுகிறது, 350 கன அங்குல எஞ்சின் வாங்கிப் போடலாமா இல்லை இதையே பிரிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரப்படாமல் முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பாருங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது, ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். எல்லாம் சரியாக இருந்து, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் புகை வந்தால் பெரும்பாலும் வால்வு சீல்தான், அதற்கு எஞ்சினை இறக்கவே வேண்டாம்.

ரிங் போயிருந்தால் நான் 350 பக்கம்தான். இரண்டும் ஒரே குடும்பம், மவுண்ட், கியர்பாக்ஸ் போல்ட் எல்லாம் அப்படியே உட்காரும். ஆனால் வாங்கும் பிளாக்கின் வருடத்தைக் கட்டாயம் பாருங்கள். 1986 முதல் கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின்) பின்பக்க ஆயில் சீல் ஒரே வளையமாகிவிட்டது, அதற்கு முன் இரண்டு துண்டு. கிராங்கில் போல்ட் துளைகளின் அமைப்பும் கூடவே மாறியதால் உங்கள் பழைய ஃப்ளெக்ஸ் பிளேட் (கிராங்கை கியர்பாக்ஸோடு இணைக்கும் தட்டு) அதில் ஏறாது.

அப்புறம், புதிய ஃப்ளாட் டேப்பெட் கேம் (வால்வுகளை இயக்கும் தண்டு, உருளை இல்லாத வகை) போட்டால் முதல் 20 நிமிடம் ஐடிலில் விடாதீர்கள், 2000 ஆர்பிஎம்முக்கு மேலேயே ஓடட்டும், ஆயிலில் துத்தநாகம் இருக்கட்டும். டைமிங்கையும் பெட்ரோலையும் முன்பே சரிபார்த்து வையுங்கள், ஸ்டார்ட் ஆகாமல் செல்ஃபை அடித்துக்கொண்டே இருந்தால் கேமில் பூசிய மசகுப் பசை வழிக்கப்பட்டுப் போய்விடும்.