மாப்பிள்ளை சம்பா வாங்கியாச்சு, மாத்திரையைக் குறைக்கலாமா?

கேள்வி: எங்களுக்கு மன்னார்குடி பக்கம் கிராமம். மாமனாருக்கு 66 வயது, பதினோரு வருடமாகச் சர்க்கரை. மூன்று வேளையும் சோறுதான் வேண்டும், சப்பாத்தியைத் தொடமாட்டார். போன மாதம் வண்டியில் ஒருவர் வந்து மாப்பிள்ளை சம்பா 25 கிலோ மூட்டை இறக்கிவிட்டுப் போனார், கிலோ 160 ரூபாய். "இது சுகர் அரிசி, வயிறு நிறையச் சாப்பிடலாம், ரெண்டு மாசத்தில் மாத்திரை பாதியாகிடும்" என்றாராம். மாமா அதை நம்பி மூன்று வாரமாக இரவு மாத்திரையை நிறுத்திவிட்டார். இந்த அரிசி நிஜமாகவே சர்க்கரையைக் குறைக்குமா? குக்கரில் வைக்காமல் வடித்தால் சர்க்கரை போய்விடும் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: அரிசியைப் பற்றி அப்புறம் பேசுவோம். நாளைக் காலை மாமாவை அழைத்துக்கொண்டு அவருடைய மருத்துவரிடம் போங்கள். மூன்று வாரமாக இரவு மாத்திரை போடவில்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயந்து பாதிப் பேர் இதைச் சொல்வதே இல்லை. அவரும் தெரியாமல் மருந்தைக் கூட்டி எழுதிவிடுகிறார், வீட்டுக்கு வந்து எல்லா மாத்திரையையும் சேர்த்துப் போட்டதும் ஆள் மயங்கி விழுகிறார். இப்படி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அரிசி. 'சுகர் அரிசி' என்று ஒரு அரிசி உலகத்தில் கிடையாது. மாப்பிள்ளை சம்பா நல்ல அரிசிதான். தவிடு போகாமல் வந்தால் நார்ச்சத்து உண்டு, மென்று தின்ன நேரம் எடுக்கும், வயிறு சீக்கிரம் நிறைந்த மாதிரி இருக்கும். ஆனால் 100 கிராம் அரிசியை எடுத்தால், பட்டைதீட்டிய பொன்னியில் 78 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கும், தவிட்டோடு கூடிய சிவப்பரிசியிலும் 70-க்கு மேல் இருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான். சிவப்பரிசி கொஞ்சம் மெதுவாக ஏற்றும், ஏற்றாமல் விடாது. "வயிறு நிறையச் சாப்பிடலாம்" என்ற அந்த ஒரு வார்த்தைதான் உங்கள் வீட்டில் கெடுதல் செய்திருக்கிறது. முன்பு பயந்து இரண்டு கரண்டி போட்டுக்கொண்டவர் இப்போது தைரியமாக நாலு கரண்டி போட்டுக்கொள்கிறார், இல்லையா?

கையில் பாக்கெட் இருந்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சத்துப் பட்டியலில் 'சர்க்கரை' என்ற வரியில் பூச்சியத்தை ஒட்டி ஒரு எண் இருக்கும். அதைக் காட்டித்தான் விற்கிறார்கள். எந்த அரிசியிலும் அந்த வரி அப்படித்தான் இருக்கும், ரேஷன் கடைப் புழுங்கலிலும் அப்படித்தான். அரிசியில் இருப்பது சர்க்கரை இல்லை, மாவுச்சத்து. அதை உடம்பு சர்க்கரையாக மாற்றுகிறது. நீங்கள் பார்க்க வேண்டியது அதற்கு மேலே இருக்கும் 'கார்போஹைட்ரேட்' வரியை. எழுபத்தைந்தோ எழுபத்தேழோ போட்டிருக்கும். இதை எழும்பூர் கண் மருத்துவரிடம் காட்டினாலும் படிக்க முடியாத பொடி எழுத்தில் அச்சடித்துவிட்டு, முன்பக்கத்தில் 'சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது' என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். உங்களுக்கு வந்த மூட்டையிலோ அந்த எழுத்துகூட இருக்காது. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியில் வரும் மூட்டைகளில் நான் பார்த்தவரை பெரும்பாலும் வெறும் சாக்குதான்.

இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். பத்து அரிசியைத் தட்டில் பரப்பி வெளிச்சத்தில் பாருங்கள். முழுக்கச் சிவப்பாக இருந்தால் தவிடு இருக்கிறது. முதுகில் வெள்ளைத் திட்டுத் திட்டாக, கோடு கோடாகத் தெரிந்தால் மில்லில் பட்டைதீட்டியிருக்கிறார்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் சீக்கிரம் வரும். அதனால் வியாபாரிகள் லேசாகத் தீட்டிவிட்டு முழு விலைக்கே விற்கிறார்கள். தவிடு போன பிறகு பெயரும் நிறத்தில் கொஞ்சமும்தான் மிச்சம். கருப்பு கவுனிக்கு மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கழுவும்போது தண்ணீர் ஊதா நிறமாவது அதன் இயல்பு, சாயம் என்று பயந்து கொட்டிவிடாதீர்கள்.

இதைச் சொல்வதால் பாரம்பரிய நெல்லை நான் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில், 2 கிலோ விதை வாங்கிப் போனவர் அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்ற ஏற்பாட்டில் எத்தனையோ ரகங்கள் மறுபடி வயலுக்கு வந்தன. மாப்பிள்ளை சம்பா ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும், ஆள் உயரத்துக்கு வளரும், காற்றடித்தால் சாயும், விளைச்சலும் குறைவு. விலை கூடுதலாக இருப்பதற்கு அதுதான் காரணம். மருந்து என்பதால் இல்லை. வாங்குவதானால் விளைவிக்கிறவரிடமே வாங்குங்கள், உங்கள் பக்கத்தில் தேடினால் கிடைப்பார். அவர் ஒருநாளும் மாத்திரையை நிறுத்தச் சொல்லமாட்டார். இடையில் வருகிறவர்தான் அரிசியோடு வைத்தியத்தையும் சேர்த்து விற்கிறார். அடுத்த முறை அதே வண்டியில் கஞ்சி மாவும் நாட்டுச்சர்க்கரையும் வரும். மாவாக அரைத்துக் காய்ச்சினால் அதே அரிசி சோற்றைவிட வேகமாகச் சர்க்கரையை ஏற்றும். நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் சர்க்கரைதான். இரண்டையும் வாங்காதீர்கள்.

வடிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். வடித்தால் கஞ்சியோடு கொஞ்சம் மாவும் போகும், கூடவே பி வைட்டமினும் போகும். 'சர்க்கரையை வடிக்கும் குக்கர்' என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்லி விற்கிறார்கள், அதுவும் இந்த வேலையைத்தான் செய்கிறது. நம் பக்கத்தில் பழக்கமான புழுங்கலரிசி ஒரு வகையில் நல்லது, நெல்லை வேகவைக்கும்போது தவிட்டுச் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடும், பச்சரிசியைவிடச் சற்று மெதுவாகவும் ஏற்றும். வடிக்கிற பழக்கம் இருந்தால் வடியுங்கள், இல்லையென்றால் அதற்காகப் புதிதாக எதையும் வாங்க வேண்டாம்.

சரி, என்னதான் செய்வது? அளவு. உங்கள் வீட்டில் ஆழாக்கு இருக்கும். ஒரு ஆழாக்கு அரிசி ஏறக்குறைய 140 கிராம், அதில் மாவுச்சத்து மட்டும் நூறு கிராம். மாமா மதியம் சாப்பிடும் சோறு எத்தனை ஆழாக்கு அரிசி என்று ஒருநாள் அவருக்கு மட்டும் தனியாக வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றேகால், ஒன்றரை வரும். அதை இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக அரை ஆழாக்குக்குக் கொண்டுவர வேண்டும். குறைத்த இடத்தைக் காலியாக விடக் கூடாது, விட்டால் நாலு மணிக்கு முறுக்கு டப்பாவைத் தேடுவார்.

அந்த இடத்தில் வைக்க வேண்டியது உங்கள் வயலிலேயே இருக்கிறது. சம்பா அறுப்புக்குச் சில நாள் முன் வயல் ஈரத்தில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கிறோம், மூட்டை கட்டி விற்கிறோம், வீட்டில் இட்லிக்கும் தாளிப்புக்கும் மட்டும் எடுக்கிறோம். ஒரு கைப்பிடிப் பச்சைப்பயறை வேகவைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் தட்டிப்போட்டுக் கெட்டியாகக் கடைந்து ஒரு கிண்ணம் வையுங்கள். அரைக்கீரையோ தண்டுக்கீரையோ ஒரு கிண்ணம், வாழைத்தண்டு, கொத்தவரை, புடலை ஏதாவது ஒரு பொரியல். மீன் சாப்பிடுகிறவராக இருந்தால் குழம்பு மீன் இரண்டு துண்டு. முதலில் கீரையையும் பயறையும் பாதி சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றைப் பிசையச் சொல்லுங்கள். அதே சாப்பாடு, வரிசையை மாற்றினாலே சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைகிறது. சப்பாத்தி பிடிக்காதவருக்குச் சப்பாத்தியைத் திணிக்க வேண்டாம், நாலு சப்பாத்தியும் ஒரு தட்டுச் சோறும் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றுதான். பல இடங்களில் நோயாளி கையில் கொடுக்கும் உணவுப் பட்டியலைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நகல் எடுத்து எடுத்து எழுத்தே மங்கிப்போன தாள், அதில் ஓட்ஸ், ப்ராக்கோலி, ஆலிவ் எண்ணெய். மன்னார்குடிச் சந்தையில் ப்ராக்கோலிக்கு எங்கே போவது? இரண்டு நிமிடம் உட்காரவைத்து "மத்தியானம் என்ன சாப்பிடுவீங்க?" என்று ஒரு கேள்வி கேட்க ஆளில்லாததால்தான் வண்டிக்காரர் வைத்தியர் ஆகிவிடுகிறார்.

இதற்குள் ஒரு விஷயம் இருக்கிறது, அதை மட்டும் விரிவாகவே சொல்ல வேண்டும். சோற்றைக் குறைப்பது எல்லோருக்கும் நல்லதுதான், ஆனால் சில மாத்திரை போடுகிறவர்கள் தாங்களாகக் குறைக்கக் கூடாது. மாமாவின் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரிய பயமில்லை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்கிளசைடு என்று இருந்தாலோ, இன்சுலின் போட்டுக்கொண்டாலோ கவனம் வேண்டும். பல அட்டைகளில் ஒரே மாத்திரைக்குள் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும் சேர்ந்திருக்கும், முன்பக்கம் பெரிதாக இருப்பது கம்பெனிப் பெயர், மருந்தின் பெயர் கீழே சின்னதாக இருக்கும். இவை உள்ளே வரும் சோற்றை எதிர்பார்த்து வேலை செய்பவை. ஒன்றரை ஆழாக்குச் சோற்றுக்கு எழுதிய மாத்திரையை அரை ஆழாக்குக்குப் போட்டால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். வேர்க்கும், கை நடுங்கும், படபடக்கும், திடீர்ப் பசி எடுக்கும். வயதானவர்களிடம் இதெல்லாம் இல்லாமல் பேச்சு குழறலாம், காரணமில்லாமல் கோபப்படலாம், வீட்டில் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். இரவில் பனியன் நனைய வேர்த்து எழுந்தாரா என்று அத்தையிடம் கேளுங்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் இந்த மருந்து உடம்பில் கூடுதல் நேரம் தங்கும், ஆபத்தும் கூடும்.

அப்படி ஆனால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி உடனே கொடுங்கள். கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள், 70-க்கு மேல் வரவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். சரியான பிறகு இட்லியோ சோறோ கொஞ்சம் சாப்பிட வேண்டும். அன்றைக்கே மருத்துவரைப் பார்க்கவும் வேண்டும், ஏனென்றால் இந்த மாத்திரைகளின் வேகம் சில மணி நேரம் கழித்து மறுபடி இழுக்கும். மாமா வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரையும் சேர்த்துப் போடுகிறார் என்றால் வீட்டுச் சர்க்கரை சரிவர வேலை செய்யாது, அந்த மருந்து அதன் செரிமானத்தையே தடுக்கும். அவருக்குக் குளுக்கோஸ் தூள்தான் கொடுக்க வேண்டும். மருந்துக்கடையில் ஒரு பாக்கெட் வாங்கி சாமி அலமாரிப் பக்கம் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்துவிடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். 108-ஐ அழையுங்கள்.

அதனால் நாளைக்கு மருத்துவரிடம், "சோற்றைப் பாதியாகக் குறைக்கப் போகிறோம், மாத்திரையை எப்படி மாற்றுவது?" என்று நேராகக் கேளுங்கள். அவசரப்படுத்தினாலும் எழுந்திருக்காதீர்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை கடைசியாக எப்போது எடுத்தது என்பதையும் கேளுங்கள். சோறு குறைந்து, எண்கள் இறங்கி, மாத்திரையும் குறைவது நடக்கக்கூடியதுதான். ஆனால் அதை எழுதிக் குறைக்க வேண்டியவர் அவர்.

மாமா என்னை நம்பமாட்டார், வண்டிக்காரரைத்தான் நம்புவார் என்றால் விரலில் குத்திப் பார்க்கும் கருவியைக் கொண்டு அவரையே பார்க்கச் சொல்லுங்கள். ஒருநாள் அரை ஆழாக்குப் பொன்னி, மறுநாள் அரை ஆழாக்கு மாப்பிள்ளை சம்பா, இரண்டு நாளும் ஒரே குழம்பு, ஒரே பொரியல். முதல் கவளம் எடுத்த நேரத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். ஒருநாள் எண்ணை வைத்து முடிவெடுக்காமல் இரண்டையும் மூன்று முறை பார்த்துக் காலண்டரில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். 180-க்குள் நிற்கிறதா என்பதுதான் கணக்கு. அவர் உடம்புக்குச் சிவப்பரிசி பத்து இருபது குறைத்துக் காட்டினால் சந்தோஷமாக அதையே சமையுங்கள்.

மூட்டையில் மிச்சம் இருப்பதைத் தூக்கிப் போட வேண்டாம். தவிடு இருக்கிற அரிசியாக இருந்தால் இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள், காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போட்டு மூடி வையுங்கள். முதல்நாள் இரவே ஊறப்போட்டால்தான் வேகும், குக்கரில் ஒன்றுக்கு மூன்று தண்ணீர், சாதாரண அரிசிக்கு விடுவதைவிட மூன்று விசில் கூட. வீட்டில் எல்லோருமே சாப்பிடுங்கள், மாமாவுக்கு மட்டும் தனி உலை வைத்தால் பத்து நாளில் அவர் உங்கள் தட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.