தம்பி அனுப்பிய படத்தில் இருக்கும் கல்

சென்ற இதழில் மாங்குளத்து வாசகி ஒருவரின் தம்பி பிரான்சிலிருந்து அனுப்பிய படத்தைப் போட்டிருந்தோம். சின்னக் கிராமம், நடுவில் தேவாலயம், அதன் முன்னால் பெயர்கள் வெட்டிய ஒரு கல், ஓரத்தில் கூரை போட்ட தண்ணீர்த் தொட்டி. அதைப் பார்த்துவிட்டு வந்த கடிதங்கள்தான் இம்முறை அதிகம். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எழுதுகிறேன்.

கேள்வி: தம்பி பரிஸ் நகரில் வாடகை கட்டுப்படியாகாமல் குடும்பத்தோடு அந்தக் கிராமத்துக்குப் போய்விட்டான். ஊரில் முந்நூறு பேர்கூட இல்லையாம். ஆனால் கல்லில் நாற்பது பெயருக்கு மேல் இருக்கிறது, ஒரே குடும்பப் பெயர் மூன்று நான்கு தடவை வருகிறது. அது என்ன கல்?
– வாசகி, மாங்குளம்

அக்கா, அது போரில் செத்தவர்களின் நினைவுக்கல். பிரான்சில் அநேகமாக எந்தக் கிராமத்துக்குப் போனாலும் ஒன்று நிற்கும். 1914 முதல் 1918 வரை நடந்த முதலாம் உலகப் போரில் அந்த நாடு 13 இலட்சத்துக்கும் அதிகமான படைவீரர்களை இழந்தது. அவர்களில் பெரும் பங்கு கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள். போர் முடிந்த கையோடு ஊர்ச்சபைகள் வீடு வீடாகக் காசு சேர்த்து, அரசு கொடுத்த கொஞ்சத்தையும் போட்டு, சில வருடங்களுக்குள் ஏறத்தாழ 36,000 கற்களை நட்டுவிட்டன. ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வருவது அண்ணன் தம்பிகளும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளும் ஒன்றாகப் போனதால்தான். இன்னொன்றையும் கவனியுங்கள், அந்தக் காலத்தில் அந்த ஊரில் இப்போது இருப்பதைவிடப் பல மடங்கு சனம் இருந்திருக்கும். போர் ஒரு பக்கம் தின்றது, அப்புறம் மிச்சமிருந்த இளம் ஆட்கள் வேலை தேடிப் பட்டணம் போனார்கள். கல்லில் இருக்கும் பெயர்களை வைத்தே பழைய ஊர் எவ்வளவு பெரியது என்று கணக்குப் போடலாம்.

ஒவ்வொரு வருடமும் நவம்பர் 11ஆம் திகதி ஊர் மேயர் அந்தக் கல்லடியில் நின்று பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார், பல ஊர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு 'பிரான்சுக்காக இறந்தார்' என்று கூடியிருப்பவர்கள் சொல்வார்கள். நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது, அந்தப் பிள்ளைகளில் யாரும் அவர்களைக் கண்டதில்லை, ஆனால் பெயர் வாயில் இருக்கிறது. எல்லாக் கற்களும் வீரத்தைத்தான் பாடுகின்றன என்றும் நினைக்க வேண்டாம். க்ரேஸ் மாவட்டத்தில் ஜோந்தியூ என்ற சின்ன ஊரில், தகப்பனை இழந்த ஒரு பையன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பெயர்ப்பட்டியலைப் பார்த்து, பொத்திய கையை உயர்த்தி நிற்கிறான். கீழே 'போருக்குச் சாபம் உண்டாகட்டும்' என்று வெட்டியிருக்கிறது. நோர்மண்டியில் தியேர்வில் என்ற ஊரில் இப்படி எழுத ஒரு பெயரும் இல்லை, போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெயரைக்கூட ஓரிடத்திலும் எழுதிவைக்க முடியாமல் இருக்கிற வீடுகள் எத்தனை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தம்பியிடம் சொல்லுங்கள், நவம்பரில் அந்தக் கல்லடிக்கு அவர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகட்டும்.

கேள்வி: அந்தக் கூரை போட்ட தொட்டி குடிதண்ணீருக்கா?
– வாசகர், புளியங்குளம்

இல்லை, உடுப்புத் தோய்க்க. ஊருக்கெல்லாம் பொதுவான தோய்க்குமிடம். கொள்ளைநோய் பரவிய காலத்தில் 1851ஆம் ஆண்டுச் சட்டமொன்று இவற்றைக் கட்ட ஊர்களுக்கு அரசு உதவிப்பணம் கொடுத்தது, அதன் பிறகு எங்கும் எழும்பின. பெண்கள் முழங்காலுக்கு வைக்கோல் போட்டு மண்டியிட்டு, மரக்கட்டையால் அடித்துத் தோய்த்தார்கள். படுக்கை விரிப்பு மாதிரிப் பெரிய துணிகளை வருடத்தில் ஓரிரு தடவை மட்டும் எடுத்து அடுப்புச் சாம்பல் கரைத்த வெந்நீரில் ஊறவைத்து வெளுப்பார்கள். சாம்பல் தண்ணீரில் துணி வெளுக்கும் என்பது எங்கள் அம்மம்மாக்களுக்கும் தெரிந்த சங்கதிதானே. தோய்க்கிற இயந்திரம் வீட்டுக்கு வந்ததும் தொட்டிகள் வெறிச்சோடிப் போயின, ஆனால் இடிக்கவில்லை. இப்போது பூச்சாடி வைத்துப் பார்க்கிறார்கள்.

கேள்வி: என் சிநேகிதி பிரான்சில் படிக்கிறாள். அவளுடைய வகுப்பில் ஒரு பெண், எந்த அரச குடும்பமும் இல்லை, சாதாரணக் கமக்காரர் வீட்டுப் பிள்ளை, தன் குடும்பம் அதே ஊரில் 1600களிலிருந்து இருப்பதாகப் பெயர் பெயராகச் சொல்கிறாளாம். எனக்கு என் அப்பப்பாவின் அப்பாவுக்கு மேலே ஒருவரையும் தெரியாது. அவர்களால் மட்டும் எப்படி முடிகிறது?
– மாணவி, முல்லைத்தீவு

தங்கச்சி, உன் கேள்வியை இரண்டு நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடை, அவர்கள் எழுதினார்கள், எழுதியதை இரண்டாக வைத்தார்கள்.

1539இல் அரசன் முதலாம் பிரான்சுவா வில்லேர் கொத்தரே என்ற இடத்தில் ஒரு கட்டளை போட்டான். ஒவ்வொரு கோயில் பங்கிலும் ஞானஸ்நானம் பெறும் பிள்ளைகளின் பெயரைப் பாதிரியார் பதிய வேண்டும். 1579இல் கல்யாணமும் சாவும் சேர்ந்தன. 1667இல் வந்ததுதான் பெரிய காரியம். பதிவேட்டை இரண்டு பிரதியாக வை, ஒன்று ஊரில் இருக்கட்டும், மற்றது நீதிமன்றத்துக்குப் போகட்டும் என்றார்கள். புரட்சிக்குப் பிறகு 1792இல் அந்த வேலை கோயிலிடமிருந்து ஊர்ச்சபைக்கு மாறியது. ஆக, ஒரு கூலிக்காரன் பிறந்த நாளும் அவன் மனைவியின் பெயரும் அவன் செத்த நாளும் இன்றைக்கும் இருக்கிறது, மாவட்ட ஆவணக் காப்பகங்கள் பெரும்பாலானவற்றை இணையத்தில் இலவசமாகவே போட்டுவிட்டன.

இரண்டு பிரதி இருந்தும் ஒரு இடத்தில் தவறிப்போனார்கள், அது பரிஸ். அங்கே இரண்டு பிரதியும் ஒரே நகரத்துக்குள் இருந்தன. 1871 மே மாதக் கலவரத்தில் நகரசபையும் நீதிமன்றக் கட்டடமும் எரிந்தபோது இரண்டும் சேர்ந்து போயின. ஏறத்தாழ 80 இலட்சம் பதிவுகள். வீடுகளில் கிடந்த துண்டுகளையும் கோயில் குறிப்புகளையும் வைத்து மூன்றில் ஒரு பங்கை மட்டும் திரும்ப எழுத முடிந்தது. அதனால் பழைய பரிஸ்காரர் பலரைவிட ஒரு பட்டிக்காட்டுக் கமக்காரர் தன் பரம்பரையைத் தெளிவாகச் சொல்லுவார்.

அடுத்தது நிலம். 1807இல் நெப்போலியன் காலத்தில் வரிக்காக நாடு முழுவதையும் துண்டு துண்டாக அளக்கத் தொடங்கி 1850 அளவில் முடித்தார்கள். வயல், தோப்பு, முடக்கு எல்லாவற்றுக்கும் ஊர்ச்சனம் சொன்ன பெயர் வரைபடத்தில் ஏறியது. பிறகு 1880களிலிருந்து 1900 வரை பல மாவட்டங்களில் கிராமப் பள்ளிக்கூட வாத்தியார்களிடம் உங்கள் ஊரைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். 1889, 1900 பரிஸ் கண்காட்சிகளுக்காக எழுதியவையும் அதில் உண்டு. மண் எப்படி, என்ன பேச்சு, எந்தக் கிணறு வற்றாது, எந்த வருடம் வெள்ளம் வந்தது என்று கைப்பட எழுதியிருக்கிறார்கள்.

சில நேரம் ஊரை எழுதிவைத்தது அதன் எதிரியே. பிரனீஸ் மலையில் மொன்தாயு என்று ஏறத்தாழ 250 பேர் இருந்த ஒரு மேய்ப்பர் ஊர். திருச்சபைக்கு விரோதமான கதார் நம்பிக்கை அங்கே இருக்கிறதென்று 1308இல் வளர்ந்தவர்கள் எல்லோரையும் பிடித்தார்கள். பிறகு 1318இலிருந்து 1325 வரை ஜாக் ஃபூர்னியே என்ற ஆயர் ஆட்களை ஒவ்வொருவராக விசாரித்து வாக்குமூலத்தை எழுதுவித்தார். அவரே பின்னால் பாப்பரசரானார், ஏடு வத்திக்கானில் இருக்கிறது. தண்டிக்க எழுதிய ஏடுதான், ஆனால் அதற்குள் முழு ஊரும் உயிரோடு இருக்கிறது. யார் வீட்டில் யார் தங்கினார், ஆடுகளை எந்தக் கணவாய் வழியாகக் கொண்டுபோனார்கள், பெண்கள் வெயிலில் இருந்து ஒருவருக்கொருவர் பேன் பார்த்துக்கொண்டு என்ன கதைத்தார்கள் என்பதுவரை. பேன் பார்த்துக்கொண்டு கதைத்த இடத்தை வாசித்தபோது எனக்கு எங்கள் வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது.

எங்களிடமும் அப்படித்தான். கற்சிலைமடுவில் 1803 ஒக்டோபர் 31ஆம் திகதியைச் சொல்லும் கல், வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனை ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்தார் என்று வென்ற பக்கம் எழுதிய கல். 1895இல் வன்னி மாவட்டங்களின் குளம், ஊர், வழக்கம் எல்லாவற்றையும் தொகுத்து வைத்தவர் லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி. அவர்கள் எழுதியதற்கு நான் நன்றி சொல்கிறேன். ஆனால் வென்றவனும் வரி அறவிட்டவனும் கேட்காத கேள்விகளுக்கு அந்தத் தாள்களில் விடை இராது, அதை நாங்கள்தான் எழுத வேண்டும்.

கேள்வி: அந்தத் தேவாலயம் யாருக்குச் சொந்தம்? முந்நூறு பேர் எப்படிப் பராமரிக்கிறார்கள்?
– வாசகர், ஒட்டுசுட்டான்

ஊர்ச்சபைக்குச் சொந்தம். 1905இல் அரசையும் திருச்சபையையும் பிரித்தபோது, அதற்கு முன் கட்டிய பங்குக் கோயில்கள் பொதுவாக ஊர்ச்சபையின் சொத்தாகிவிட்டன. கூரை ஒழுகினால் மேயர்தான் ஓட வேண்டும், அவர் கோயிலுக்கே போகாதவராக இருந்தாலும். பிரான்சில் ஏறத்தாழ 35,000 ஊர்ச்சபைகள், பாதிக்கும் மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை, அதனால் காசு பெரிய தலையிடி. 2018இலிருந்து பழைய கட்டடங்களுக்கென்றே ஒரு லொத்தர் நடத்துகிறார்கள். 1984இலிருந்து ஒவ்வொரு செப்டம்பரும் ஒரு வார இறுதியில் பழைய இடங்களை எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: பிரெஞ்சு ஊர்ப் பெயர்களுக்கும் எங்கள் பெயர்கள் போல அர்த்தம் உண்டா?
– வாசகி, நெடுங்கேணி

உண்டு. எங்கள் பெயர்கள் பெரும்பாலும் தண்ணீரையும் மண்ணையும் சொல்லும், குளம், கேணி, மடு, புலவு, கட்டு என்று. அங்கே பல பெயர்கள் உரோமர் காலத்துக் காணிக்காரரைச் சொல்லுகின்றன. 'ஆக்' என்று முடியும் தெற்கத்திப் பெயர்களும் வடக்கில் 'இ' என்று முடியும் பல பெயர்களும் ஒரே விகுதியிலிருந்து வந்தவை, இன்னாருடைய காணி என்று பொருள். பரிசுக்குப் பக்கத்தில் ஒர்லி விமான நிலையம் இருக்கும் ஊரும், தூரத்து மலைப்பக்க ஒரியாக்கும் அவுரேலியுஸ் என்ற பெயரிலிருந்து பிறந்தவைதான்.

கேள்வி: தம்பி, அங்கேயும் ஊர்கள் அழிந்திருக்கும்தானே. அழிந்த ஊரை அவர்கள் என்ன செய்தார்கள்?
– வாசகர், புதுக்குடியிருப்பு

ஐயா, இரண்டு ஊர்களைச் சொல்கிறேன்.

ஒன்று ஒரதூர் சூர் கிளான். 1944 யூன் 10ஆம் திகதி ஜெர்மன் எஸ்.எஸ். படை ஊரைச் சுற்றி வளைத்தது. ஆண்களைக் களஞ்சியங்களில் சுட்டது, பெண்களையும் பிள்ளைகளையும் தேவாலயத்துக்குள் அடைத்துக் கொன்றது. 640க்கும் மேற்பட்டவர்கள். போருக்குப் பிறகு இடிபாட்டை அப்படியே விடுவதென்று தீர்மானித்துப் பக்கத்தில் புது ஊர் கட்டினார்கள். துருப்பிடித்த கார், தையல் மெஷின், டிராம் தண்டவாளம் எல்லாம் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன. கூரையில்லாத சுவர் மழையில் கரைகிறது, இடிபாட்டை இடியாமல் காப்பதற்கே இன்று பெருந்தொகை செலவாகிறது.

மற்றது வெர்தன் பக்கத்தில் ஃப்ளெரி. 1916இல் பிரெஞ்சு, ஜெர்மன் படைகளுக்கு இடையில் பதினாறு தடவை கைமாறி, கடைசியில் ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை. நிலம் முழுக்க வெடிகுண்டு, ஆட்கள் திரும்பிவர முடியவில்லை. ஆனால் அரசு அந்த ஊரைப் பட்டியலிலிருந்து வெட்டவில்லை. ஒருவரும் குடியில்லாத அந்த ஊருக்கு இன்றும் மேயர் நியமிக்கப்படுகிறார். காட்டுக்குள் குழிகளுக்கிடையே பாதை போட்டு, இங்கே வெதுப்பகம், இங்கே பள்ளிக்கூடம், இங்கே கமக்காரர் வீடு என்று குறித்துக் கல் வைத்திருக்கிறார்கள். ஊர் இல்லாவிட்டாலும் ஒழுங்கை இருக்கிறது, நடந்து போகலாம்.

ஐயா, நீங்கள் கேட்டது எங்கள் ஊர்களை நினைத்துத்தான் என்று விளங்குகிறது. நாங்கள் திரும்பி வந்தபோது வேலியும் இல்லை, எல்லைப் பனையும் இல்லை, எது யாருடைய வளவு என்று கிணற்றை வைத்துத்தான் பலர் கண்டுபிடித்தோம். கட்டிய புது வீடுகள் நல்லவை. ஆனால் பழைய ஒழுங்கைகள் எங்கே போயின என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு கல்கூட இல்லை.

கேள்வி: எங்கள் ஊரைப் பற்றி எழுத வேண்டும் என்று நாலைந்து பேர் சேர்ந்திருக்கிறோம். எதிலிருந்து தொடங்குவது?
– வாசகர், மல்லாவி

குளத்திலிருந்து தொடங்குங்கள். குளக்கட்டு, தண்ணீர் திறக்கும் துருசு, மிஞ்சிய தண்ணீர் வழியும் வான், வாய்க்கால் என்று ஒரு தாளில் கீறிக்கொண்டு, அதற்குக் கீழே வயல்களின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். காணி உறுதியில் இருக்கும் பெயரும் வாயில் இருக்கும் பெயரும் வேறாக இருக்கும், இரண்டையும் எழுதுங்கள். பிறகு ஒழுங்கை ஒழுங்கையாக, இடம்பெயர முன்னர் எந்த வீடு எதற்கு அடுத்தது என்று எழுதுங்கள். ஆண்களிடம் மட்டும் கேட்காதீர்கள். யார் எந்தக் கிணற்றில் தண்ணி அள்ளினார்கள், எந்தப் பிள்ளை எங்கே பிறந்தது, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு யாருடைய வண்டிலில் போனார்கள் என்பதெல்லாம் பெண்களிடம்தான் இருக்கிறது. சொன்னவர் பெயரையும் திகதியையும் போடுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் சண்டை பிடிக்காமல் இரண்டையும் எழுதுங்கள். பிரதி இரண்டு வேண்டும், இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது, பரிஸ் நகரில் நடந்ததை மேலே சொன்னேன். ஒன்றைப் பள்ளிக்கூடத்தில் வைக்கலாம், 'நூலகம்' என்ற இணையத்தளத்துக்கு ஒரு பிரதி கொடுத்தால் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் பார்ப்பார்கள்.

நானும் சென்ற வருடம் தொடங்கினேன். என் மாமிக்கு எண்பத்திரண்டு வயது, கோயிலடியிலிருந்து துருசடி மட்டும் நாற்பத்தொரு வீடு என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னா. பதினேழாவது வீட்டுக்காரியின் பெயர் மட்டும் வரவில்லை. விடு மாமி, பிறகு பார்ப்போம் என்று கொப்பியில் அந்த வரியை வெறுமையாக விட்டுவிட்டு வந்தேன். அடுத்த நாள் காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. வணக்கம்கூடச் சொல்லாமல் மாமி பெயரைச் சொன்னா, எழுதிவிட்டாயா என்று கேட்டா, எழுதிவிட்டேன் என்ற பிறகுதான் வைத்தா.