பீனிசம்: சைனஸ் சுவர் எலும்பு தடித்தால் அது உக்குகிறது என்று அர்த்தமா?

கேள்வி: வயது 47. புதுக்குடியிருப்பில் வயல் செய்கிறேன். பீனிசத்துக்கு இரண்டு வருடங்களுக்கு முன் சத்திரசிகிச்சை செய்தும் மூக்கடைப்பும் பின்தொண்டையில் சளியும் நிற்கவில்லை. இப்போது எடுத்த சீ.ரி. ஸ்கானில் இரு கன்னக் குழிகளின் சுவரும் தடித்து, எலும்பில் அழற்சி என்று எழுதியிருக்கிறது. எலும்பு உக்குகிறதா? கூடிய நாளைக்கு அன்ரிபயோற்றிக் போட்டால் மாறுமா?

பதில்: உக்கவில்லை, ஐயா. நடந்திருப்பது நேர்மாறானது. மேலிருக்கும் சளிச்சவ்வு வருடக்கணக்காக வீங்கியே கிடந்தால், அடியிலுள்ள எலும்பு புதிதாக வளர்ந்து தடிக்கும். கை கால் எலும்புக்குள் சீழ் பிடிக்கும் நோய் வேறு. அது எலும்பின் உள்ளிருக்கும் மச்சையில் பிடிப்பது; சைனஸ் என்னும் இந்தக் குழிகளைச் சுற்றிய மெல்லிய தகடுகளில் பெரும்பாலும் மச்சையே கிடையாது. கிருமிகள் குடியிருப்பதும் அநேகமாகச் சவ்வில்தான், எலும்புக்குள் அல்ல. அதனால்தான் மாதக்கணக்கில் அன்ரிபயோற்றிக் விழுங்கினாலும் எலும்பு பழையபடி மெலியாது. வயிறு கெடும், கிருமி மருந்துக்குப் பழகிவிடும். மஞ்சள் சீழ் கூடிக் காய்ச்சலும் வந்தால் குறுகிய காலத்துக்கு அது தேவைப்படலாம், அவ்வளவுதான்.

தடிப்பு 3 மி.மீ.க்குக் குறைவா, 3 முதல் 5 வரையா, 5க்கு மேலா என்று அளந்து, இரு பக்கமும் சேர்த்து 10 சைனஸ் குழிகளுக்கும் தனித்தனியே 0 முதல் 5 வரை புள்ளியிடும் முறை உண்டு. புள்ளி கூடினால் நோய் நீண்டகாலமாகக் கடுமையாக இருந்திருக்கிறது என்று பொருள். இப்படியானவர்களுக்குச் சத்திரசிகிச்சையால் குணம் தெரியும், ஆனால் மற்றவர்களை விட மெதுவாகவும் குறைவாகவும் தெரியலாம். முதல் சத்திரசிகிச்சையில் குழிகளுக்கிடையிலான தகடுகள் எஞ்சியிருந்தாலோ, சவ்வு உரிந்து எலும்பு வெளித்தெரிந்தாலோ, அந்த இடத்தில் எலும்பு தடித்துக் குழியின் வாசலை மறுபடி அடைக்கலாம். மறுசத்திரசிகிச்சை வேண்டுமா என்பதை ஸ்கானை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. மூக்குக்குள் கமரா விட்டு வாசல் திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பேசவேண்டும்.

வாசல் திறந்திருந்தால் உங்கள் கையிலிருக்கும் வலுவான மருந்து மூக்குக் கழுவல்தான். சத்திரசிகிச்சைக்கு முன் குழிக்குள் நீர் அவ்வளவாகப் போகாது, இப்போது போகும். 240 மி.லீ. நீருக்கு அயடின் சேராத உப்பு அரைத் தேக்கரண்டி, அப்பச்சோடா ஒரு சிட்டிகை. உப்புக் கூடினாலும் தண்ணீரை வெறுமனே விட்டாலும் எரியும். வன்னிக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதை அடையவிட்டு மேல்நீரை மட்டும் எடுங்கள். கடையில் வாங்கும் ஆர்.ஓ. தண்ணீரையும் கொதிக்க வைத்து ஆற்றியே பாவியுங்கள். வடிகட்டிய நீர் குடிக்க நல்லது என்பதற்காக மூக்குக்குள் விடவும் பாதுகாப்பானது என்று நினைக்கவேண்டாம். இளஞ்சூட்டில், கைகழுவும் தொட்டிக்கு மேல் குனிந்து, வாயைத் திறந்து "ஆ" என்றபடி ஒவ்வொரு மூக்குத் துவாரத்துக்கும் கழுவல் போத்தலில் பாதி, காலையும் மாலையும். போத்தலைக் கழுவிக் கவிழ்த்துக் காயவிடுங்கள், 3 மாதத்தில் மாற்றுங்கள்.

கழுவி 15 நிமிடம் கழித்து ஸ்ரெரோயிட் ஸ்ப்ரே. வலக்கையால் இடப்பக்கம், இடக்கையால் வலப்பக்கம் அடியுங்கள். முனை மூக்கின் நடுத்தட்டை நோக்காமல் காதுப்பக்கம் சரிந்திருக்கட்டும். நடுத்தட்டில் பட்டால் இரத்தம் கசியும், பயந்து பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். 12 வாரம் ஒரு நாளும் தவறாமல் செய்த பின்னரே பலனில்லை என்று சொல்லலாம். அப்போதும் குறையாவிட்டால், கழுவும் நீரில் புடெசொனைட் என்ற ஸ்ரெரோயிட் மருந்தை 0.5 மி.கி. கலக்கும் வழியுண்டு. அதை உங்கள் வைத்திய நிபுணர் சொன்னால் மட்டும் தொடங்குங்கள்.

காலபோக அறுவடைத் தூசியும் விறகடுப்புப் புகையும் நுளம்புத்திரியும் சவ்வை மறுபடி வீங்கவைக்கும். வெட்டு மெசினுக்குக் கிட்ட நிற்கும் நாட்களில் என்-95 முகக்கவசம் போடுங்கள், வீடு வந்ததும் கழுவுங்கள். சுருட்டோ சிகரெட்டோ இருந்தால் அதை நிறுத்தாமல் வேறெந்த மருந்தும் முழுப்பலன் தராது. இழுப்பும் மூக்கில் சதையும் இருந்து, அஸ்பிரின் போட்டால் மூச்சு முட்டுமென்றால் அதையும் சொல்லுங்கள், சிகிச்சை மாறும்.

உங்களுக்கு இரு பக்கமும் தடித்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தடித்தவர்கள் மேல் கடைவாய்ப்பல்லையும், பூஞ்சை உருண்டையையும், கட்டியையும் கட்டாயம் சோதிக்கவேண்டும். ஒரு பக்க இரத்தச் சளி, கன்ன மரப்பு, பல் ஆட்டம் என்றால் கிளினிக் நாளைப் பார்த்துக் கொண்டிருக்காதீர்கள். கண்ணிமை வீக்கம், பார்வை மங்கல் அல்லது இரட்டையாகத் தெரிதல், காய்ச்சலோடு கடும் தலையிடி, நெற்றியில் மெத்தென்ற வீக்கம் வந்தால் அன்றே முல்லைத்தீவு அல்லது கிளிநொச்சி வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

அடுத்த கிளினிக்குக்குப் பழைய ஸ்கானின் சீ.டி.யையும் சத்திரசிகிச்சைக் குறிப்பையும் கொண்டு போங்கள். தடிப்பு முன்பே இருந்ததா, பிறகு வந்ததா என்று ஒப்பிட்டால்தான் அடுத்து என்ன செய்வது என்று நிபுணரால் சொல்லமுடியும்.