கரையில் கிடைத்த கட்டி திமிங்கல அம்பரா? விற்கலாமா?

கேள்வி: கடலூர் தாழங்குடாவில் மீன்பிடித் தொழில் செய்கிறேன். போன வாரம் விடியற்காலையில் கரையோரம் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி கிடந்தது. எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. சாக்கில் சுற்றி வீட்டில் வைத்திருக்கிறேன். மைத்துனருக்குப் பழக்கமான புதுச்சேரி ஆள் ஒருவர், "இது திமிங்கல வாந்தி, கிலோ ஒரு கோடிக்குப் போகும், லேப் டெஸ்டுக்கு நாற்பதாயிரம் மட்டும் கொடுங்கள்" என்கிறார். ஏமன் நாட்டு மீனவர்கள் இதனால் பணக்காரர்களானதை யூடியூபில் பார்த்தேன். இதை எப்படிச் சோதிப்பது? விற்கலாமா?

பதில்: முதல் வேலையாக, அந்த நாற்பதாயிரத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்னொரு பைசா கொடுக்காதீர்கள். அடுத்தது, விற்க முடியாது. அம்பராக, அதாவது அவர் சொல்கிற திமிங்கல வாந்தியாக, இருந்தால் விற்பது குற்றம். அம்பர் இல்லையென்றால், அதை அம்பர் என்று சொல்லி விற்பது மோசடி. இரண்டு வழியிலும் மாட்டிக்கொள்ளப்போவது நீங்கள்தான், அந்த ஆள் அல்ல.

நீங்கள் பார்த்த ஏமன் செய்தி உண்மைதான். 2021-இல் ஏடன் வளைகுடாவில் மிதந்த செத்த திமிங்கலம் ஒன்றை 35 மீனவர்கள் கரைக்கு இழுத்து வந்து வயிற்றை அறுத்தார்கள். உள்ளே 127 கிலோ அம்பர். சுமார் 15 லட்சம் டாலர் கிடைத்தது, பங்கு போட்டுக்கொண்டார்கள். வீடியோ அதோடு முடிந்துவிடுகிறது. இது நாட்டுக்கு நாடு மாறுகிற சட்டம் என்பதை யாரும் சொல்வதில்லை. நியூசிலாந்திலும் பிரிட்டனிலும் கரையில் பொறுக்கியதை விற்கிறார்கள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கூடாது. இந்தியாவிலும் கூடாது.

அம்பர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் சோதனை பற்றிய உங்கள் கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிடும். ஸ்பெர்ம் திமிங்கலம் ஆயிரம் மீட்டருக்கும் கீழே முங்கிப்போய் கணவாய் தின்னும் பிராணி. வீட்டில் கணவாய் கழுவும்போது வாயிலிருந்து கறுப்பாக, கிளி மூக்கு மாதிரி ஒன்றைப் பிதுக்கி எறிவார்களே, அந்த அலகு திமிங்கலத்துக்கும் செரிக்காது. பெரும்பாலும் கக்கிவிடும். சில திமிங்கலங்களுக்கு அது குடலுக்குள் இறங்கிச் சேர்ந்து, அதைச் சுற்றி மெழுகு போன்ற பொருள் கட்டிக்கொள்கிறது. நூறு திமிங்கலத்தில் ஒன்றிரண்டுக்கு இப்படி ஆகும் என்பது பொதுவான கணக்கு. வாந்தி என்று ஊரெல்லாம் சொன்னாலும், அது பின்வழியாகத்தான் வெளியேறுகிறது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. புதிதில் கறுப்பாக, சாணி நாற்றம் அடிக்கும். பல வருடம் உப்புநீரிலும் வெயிலிலும் மிதந்து மிதந்துதான் சாம்பல் நிறமாகி, கஸ்தூரி போன்ற இனிப்பு வாசனைக்கு வரும். அத்தர், சென்ட் தொழிலில் வாசனை சீக்கிரம் பறந்துவிடாமல் பிடித்து வைக்க இதைச் சேர்த்தார்கள். இப்போது அந்த வேலைக்குச் செடியிலிருந்து செயற்கையாகவே ஒரு பொருள் செய்துவிடுகிறார்கள்.

கரையில் கிடைக்கும் சாம்பல் கட்டிகளில் பெரும்பாலானவை அம்பர் இல்லை. கப்பலிலிருந்து விழுந்த மெழுகு, உறைந்த பாமாயில், தார் உருண்டை, கடற்பஞ்சு, இப்படி ஏதாவது ஒன்றாக இருக்கும். காய்ச்சிய ஊசியால் குத்தினால் அம்பர் சட்டென்று கறுப்பாக உருகி, நூல் இழுக்கும். மெழுகுவர்த்தி மெழுகாக இருந்தால் தெளிந்த திரவமாக உருகும், மெழுகுவர்த்தி வாசனையே வரும். உள்ளே கணவாய் அலகின் துண்டுகள் பதிந்திருந்தால் அம்பராக இருக்குமோ என்ற சந்தேகம் வலுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இதையெல்லாம் உங்கள் விவரத்துக்குச் சொல்கிறேன், நீங்கள் செய்து பார்க்க அல்ல. உறுதி சொல்ல ஆய்வகத்தால்தான் முடியும், அதுவும் வனத்துறை அனுப்பினால்தான். உங்கள் பணத்தைக் கட்டித் தனியாரிடம் வாங்கும் ரிப்போர்ட் எந்த நீதிமன்றத்திலும் உங்களைக் காப்பாற்றாது.

இந்தத் தரகர்களைப் பற்றி எத்தனை தடவை சொன்னாலும் எனக்குத் தீராது. முதலில் டெஸ்டுக்குப் பணம். அப்புறம் "வெளிநாட்டுப் பார்ட்டி ஓட்டலில் தங்கியிருக்கிறது, ரூம் வாடகை போடுங்கள்" என்பார்கள். அப்புறம் கட்டியைக் கையில் பிடித்தபடி உங்களை ஒரு போட்டோ எடுப்பார்கள். அந்தப் போட்டோதான் பின்னால் மிரட்டப் பயன்படும். காக்கிச் சட்டையில் போலி அதிகாரிகள் வந்து "கேஸ் வேண்டாமென்றால் கொடு" என்று பணத்தையும் கட்டியையும் பிடுங்குவதும் உண்டு. அந்த ஆள் புதுச்சேரிக்கு எடுத்து வரச் சொன்னால் கண்டிப்பாகப் போகாதீர்கள். புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டிவிட்டால் சாராயத்துக்கு வேறு சட்டம், இதற்கு வேறு சட்டம் கிடையாது. ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பாட்டில் தேடுகிற போலீஸ் உங்கள் சாக்கைப் பிரித்தால் அங்கேயே முடிந்தது கதை.

சட்டம் 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். அம்பர் என்ற பெயரே அதில் இருக்கிறது. ஸ்பெர்ம் திமிங்கலம் இப்போது முதல் அட்டவணையில் உள்ளதால், குற்றம் உறுதியானால் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஏழு வருடம் சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

ஆனால் கையில் கிடைத்தவரெல்லாம் குற்றவாளி இல்லை. இந்த ஒரு இடத்தை நிதானமாகப் படியுங்கள். இப்படிப்பட்ட பொருள் அரசாங்கச் சொத்து. கிடைத்தவர் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தகவல் சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். நேரம் ஓடத் தொடங்குவது பொருள் உங்கள் வசம் வந்ததிலிருந்து. கரையில் பார்த்துவிட்டு, தொடாமல் போன் செய்திருந்தால் உங்களுக்கு இந்தக் கவலையே இல்லை. எடுத்து வந்து மறுநாளே சொல்லியிருந்தாலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, திருவிழா என்பது காரணமாகாது, காவல் நிலையத்துக்கு விடுமுறை கிடையாது. உங்கள் விஷயத்தில் ஒரு வாரம் ஓடிவிட்டது. அதனால் இன்னும் தள்ளிப்போடலாம் என்று நினைக்காதீர்கள். தாமதமாகச் சொன்னவருக்கும், விற்கப் போய் பிடிபட்டவருக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். கடலூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இன்றே ஒரு வக்கீலிடம் பேசுங்கள், இலவச உதவி கிடைக்குமா என்றும் அங்கேயே கேளுங்கள். அது அம்பரே இல்லை என்று ஆய்வில் தெரிந்தால் இந்தச் சட்டப்படி வழக்கே நிற்காது.

எனக்கு ஆற்றாமை அரசாங்கத்தின் மேல்தான். இத்தனை வருடச் சட்டம், நான் போய் வருகிற மீன் இறங்குதளம் ஒன்றில்கூட இதைப் பற்றித் தமிழில் நாலு வரி எழுதி வைத்திருக்கக் கண்டதில்லை. யாராவது பிடிபட்டால் மட்டும் "சர்வதேசச் சந்தையில் பல கோடி மதிப்பு" என்று பேட்டி கொடுக்கிறார்கள். தரகனுக்கு அதைவிட நல்ல விளம்பரம் வேறென்ன வேண்டும்? 2022-இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் மீனவர்கள் கடலில் கிடைத்த 28 கிலோவுக்கும் மேற்பட்ட கட்டியைக் கடலோரக் காவல் துறையிடம் ஒப்படைத்தார்கள். அப்படி நேர்மையாக வருகிறவரை மரியாதையாக உட்கார வைத்து, கடலுக்குப் போகாத நாளுக்குக் கூலியாவது கொடுத்தால் எத்தனை பேர் தாமாகவே வருவார்கள்! மாறாக, விசாரணை என்று நாள் முழுக்க பெஞ்சில் உட்கார வைத்தால் யாருக்குத்தான் வர மனம் வரும்?

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. கட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், வீட்டிலேயே இருக்கட்டும். ஊர்ப் பஞ்சாயத்தார் ஒருவரையும் வக்கீலையும் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள், அல்லது தமிழ்நாடு காவல் துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093 எண்ணில் சொல்லி அவர்களை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். எங்கே, எப்போது கிடைத்தது என்று எழுதிக் கொடுங்கள். அந்த ஆளுடன் பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், அவற்றையும் காட்டுங்கள். வருகிறவர்களின் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் எடை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள், எடையை எழுதிக் கையெழுத்துப் போட்ட ரசீது கைக்கு வந்த பிறகு சாக்கைக் கொடுங்கள்.