ஹஜ்ஜுக்குப் போகாத, வேலைக்குப் போகும் ஒரு பெண் துல்ஹஜ் முதல் பத்து நாட்களை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது?

கேட்டிருக்கும் சகோதரி தன் நிலையை இரண்டு வரியில் எழுதியிருக்கிறார். ரமலானில் வரும் ஈடுபாடு, ஹஜ் நடக்கும் மாதமான துல்ஹஜ்ஜில் வருவதில்லை, ஆபீஸ், பிள்ளைகள், சமையல் என்று பத்து நாளும் ஓடிவிடுகிறது, அதிலும் மாதவிடாய் நாட்கள் வந்துவிட்டால் ஒன்றுமே செய்யாமல் போன மாதிரி ஆகிவிடுகிறது என்கிறார். நானும் பல வருடம் இதே கவலையில் இருந்தவள். ஆலிமா (மார்க்கம் படித்துத் தேர்ந்த பெண்) இல்லை. கடலோர ஊர் ஒன்றில் ஷாஃபிஈ மத்ஹப் (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று) குடும்பத்தில் பிறந்து, இப்போது சென்னையில் கணக்கு வேலை பார்க்கிறேன். படித்ததையும் பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) கேட்டதையும் என் வீட்டில் நடந்ததையும் வைத்து எழுதுகிறேன். சட்ட விஷயங்களை உங்கள் மஹல்லா ஆலிமிடம் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில், ஈடுபாடு வராததற்கு உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். ரமலானில் ஊரே சேர்ந்து நோன்பு வைக்கிறது. பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுகிறார்கள், தராவீஹ் நடக்கிறது, நடுராத்திரி ஸஹருக்கு எழுந்தால் பக்கத்து வீட்டிலும் விளக்கு எரிகிறது. துல்ஹஜ் பிறை தெரிந்த மறுநாள் அப்படி எதுவும் மாறுவதில்லை. 2024இலும் 2025இலும் இந்த நாட்கள் பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தை ஒட்டி வந்தன. யூனிபார்ம், நோட்டுப் புத்தகம், வேன் கட்டணம் என்று வீடே அல்லாடும் நேரம். அமல் (நற்செயல், வணக்கம்) செய்யச் சொல்லி வெளியிலிருந்து நம்மைத் தூண்டிவிட ஒன்றும் இருப்பதில்லை.

ஆனால் இந்தப் பத்து நாட்களின் மதிப்பு சாதாரணமானது இல்லை. இந்த நாட்களில் செய்யும் நற்செயலைவிட அல்லாஹ்வுக்குப் பிரியமானது வேறு எந்த நாளிலும் இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அறப்போர் கூடவா என்று தோழர்கள் கேட்டார்கள். உயிரையும் பொருளையும் எடுத்துக்கொண்டு போய் எதையும் திரும்பக் கொண்டுவராத மனிதரைத் தவிர, அதுவும் இதற்கு ஈடாகாது என்றார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. ஃபஜ்ர் அத்தியாயத்தில் அல்லாஹ் சத்தியம் செய்யும் 'பத்து இரவுகள்' இவைதான் என்று விரிவுரையாளர்கள் பலர் சொல்கிறார்கள். ரமலானின் கடைசிப் பத்தா, துல்ஹஜ்ஜின் முதல் பத்தா, எது சிறந்தது என்ற கேள்விக்கு இப்னு தைமிய்யா சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடிக்கும்: இரவுகளில் ரமலானின் கடைசிப் பத்து, பகல்களில் துல்ஹஜ்ஜின் முதல் பத்து. நம் ஓட்டமெல்லாம் பகலில்தானே. அந்தப் பகலுக்கே இவ்வளவு சிறப்பு என்று நினைக்கும்போது எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் நான் ஒரு பெரிய அட்டவணை போட்டேன். தினமும் குர்ஆனில் ஒரு ஜுஸ்வு (முப்பதில் ஒரு பாகம்), தஹஜ்ஜுத் (பின்னிரவுத் தொழுகை), ஒன்பது நோன்பு, ஆயிரம் சலவாத் (நபிக்காகச் சொல்லும் வாழ்த்து). மூன்றாம் நாளே முடியவில்லை. தூக்கமில்லாமல், மகள் தண்ணீர் பாட்டிலைக் கொட்டியதற்கு அவளை அடித்துவிட்டேன். அன்று ராத்திரி அவள் தூங்கியபின் அழுதேன். நிரந்தரமாகச் செய்யப்படும் அமலே, அது கொஞ்சமாக இருந்தாலும், அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் எனக்குத் தெரியாதது இல்லை. தெரிந்தும் என் சக்திக்கு மீறி இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பின் ஒரு விஷயத்தில்தான் என் பார்வை மாறியது. உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பதும் அதுதான். துல்கஅதா, துல்ஹஜ், முஹர்ரம், ரஜப் ஆகிய நான்கும் புனித மாதங்கள். தவ்பா அத்தியாயம் 36ஆம் வசனம் இந்த நான்கைப் பற்றிச் சொன்ன கையோடு, அவற்றில் உங்களுக்கு நீங்களே அநீதி செய்துகொள்ளாதீர்கள் என்கிறது. அநீதியை விடச் சொல்லித்தான் அங்கே பேச்சு போகிறது. இறுதி ஹஜ்ஜில், பெருநாள் அன்று மினாவில் நபி (ஸல்) அவர்கள் கூட்டத்தைப் பார்த்து, இது என்ன நாள் என்று கேட்டார்கள். வேறு பெயர் வைக்கப் போகிறார்களோ என்று எல்லோரும் மௌனமாக இருந்தார்கள். இது அறுத்துப் பலியிடும் நாள் அல்லவா என்று நபியவர்களே சொன்னார்கள். அதே போல மாதத்தையும் ஊரையும் கேட்டுவிட்டு, இந்த நாளும் இந்த மாதமும் இந்த ஊரும் எவ்வளவு புனிதமோ அவ்வளவு புனிதம் உங்கள் உயிரும் பொருளும் மானமும் என்றார்கள். நாளின் புனிதத்தை அளவுகோலாக வைத்து அடுத்த மனிதனின் பொருளை அளந்து காட்டியிருக்கிறார்கள். இந்த ஹதீஸை ஒரு பயானில் கேட்டபோது எனக்கு என் மதினியின் சங்கிலி ஞாபகம் வந்தது.

மகளைப் பள்ளியில் சேர்க்கும் நேரத்தில் பணத்துக்குத் திண்டாடினேன். ஷார்ஜாவில் இருக்கும் என் கணவருக்கு அப்போது இரண்டு மாதச் சம்பளம் நிலுவை. என் காக்காவின் (அண்ணனின்) மனைவியான அந்த மதினி தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார்கள். அதை ஊர் பைத்துல்மாலில் (பொது நிதியில்) அடகு வைத்து வட்டியில்லாக் கடன் வாங்கினேன். ஆறு மாதத்தில் மீட்டுத் தருகிறேன் என்றேன். மூன்று வருடம் ஆகிவிட்டது. அவர்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. கல்யாண வீடுகளில் வெறும் கருகமணியோடு வந்து நிற்பார்கள், நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். அந்த வருடம் துல்ஹஜ் பிறை பார்த்தபோது என் கையில் 18,000 ரூபாய் இருந்தது, குர்பானி (பெருநாள் பலி) ஆட்டுக்கு என்று சிறுகச் சிறுகச் சேர்த்தது. கடனில் மீதியும் ஏறக்குறைய அதே தொகை.

ஊர் ஆலிம் ஒருவருக்கு போன் செய்து கேட்டேன். நம் மத்ஹபில் குர்பானி வலியுறுத்தப்பட்ட சுன்னத், அடுத்தவர் பொருளைத் திருப்பிக் கொடுப்பது கடமை, தவணை தாண்டிவிட்டதென்றால் முதலில் அதைக் கொடும்மா என்றார். (ஹனஃபி மத்ஹபில் வசதியுள்ளவருக்கு குர்பானி வாஜிபு (கட்டாயம்). கடன் போக நிஸாப் (வசதியுள்ளவர் என்று கணக்கிடும் குறைந்தபட்சச் சொத்து) அளவு மிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். ஹனஃபியாக இருந்தால் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.) ஐந்தாம் பிறை அன்று லீவு போட்டு ஊருக்குப் போய் சங்கிலியை மீட்டு மதினியின் கையில் கொடுத்தேன். இவ்வளவு நாள் ஆனதற்கு மன்னிப்புக் கேட்டேன். "இதுக்குப் போய் ஏன் புள்ள அழுவுற, உள்ள வா, சோறு சாப்பிடு" என்றார்கள். அந்தப் பெருநாளைக்கு எங்கள் வீட்டில் ஆடு அறுக்கவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து கறி வந்தது. என் வாழ்க்கையில் அமல் செய்தேன் என்று நெஞ்சில் தைத்த துல்ஹஜ் அதுதான்.

அதனால் சொல்கிறேன், பிறை தெரிந்த முதல் இரண்டு நாளில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, யாருடையது என்னிடம் இருக்கிறது என்று பாருங்கள். கடன், வீட்டு வேலைக்கு வருபவரின் சம்பளப் பாக்கி, பேசாமல் விட்ட சொந்தம், ஒருவரைப் பற்றி வாட்ஸாப்பில் பரப்பிய பேச்சு, எதுவாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் தீர்க்க முடியாது. ஒன்றை எடுத்துத் தீர்த்துவிடுங்கள். அதற்குப் பின் ஓதும் குர்ஆனும் தொழும் தொழுகையும் நெஞ்சில் இறங்குவதை நான் அனுபவித்திருக்கிறேன்.

சரி, தினசரி அமலுக்கு வருகிறேன். உங்களைப் போன்றவர்களுக்கு மிகவும் கைகொடுப்பது திக்ருதான், அதாவது அல்லாஹ்வை நினைத்துச் சொல்லும் சொற்கள். இப்னு உமரும் அபூஹுரைராவும் (ரலி) இந்தப் பத்து நாட்களில் கடைத்தெருவுக்குப் போய் தக்பீர் (அல்லாஹு அக்பர்) சொல்வார்கள், அதைக் கேட்டு மக்களும் சொல்வார்கள் என்று புகாரியில் வருகிறது. கடைத்தெருவைக் கவனியுங்கள். வியாபாரம் நடக்கிற, சத்தமும் பேரமும் நிறைந்த இடத்தில்தான் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மின்சார ரயிலில் 40 நிமிடப் பயணம். முன்பெல்லாம் போனைத் தள்ளிக்கொண்டே போவேன். இப்போது அந்தப் பத்து நாளும் போன் பைக்குள் போய்விடும். சுப்ஹானல்லாஹ், அல்ஹம்துலில்லாஹ், லா இலாஹ இல்லல்லாஹ், அல்லாஹு அக்பர், இவ்வளவுதான், மெல்லிய குரலில். வீட்டில் அரிசி கழுவும்போது மகளும் கூடச் சேர்ந்து சொல்வாள். அவளுக்கு அது பாட்டு மாதிரி ஆகிவிட்டது.

மாதவிடாய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நபி (ஸல்) அவர்களோடு ஹஜ்ஜுக்குப் போன ஆயிஷா (ரலி) அவர்களுக்கு, மக்காவை நெருங்கும் முன் ஸரிஃப் என்ற இடத்திலேயே மாதவிடாய் வந்துவிட்டது. அழுதுகொண்டிருந்த அவர்களிடம் நபியவர்கள், இது ஆதமின் பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்தது, ஹாஜி செய்வதையெல்லாம் செய், தவாஃபை (கஅபாவைச் சுற்றுவதை) மட்டும் விட்டுவிடு என்றார்கள். உம்மு அதிய்யா (ரலி) சொல்வது இன்னும் நேரடியாக உங்கள் கேள்விக்குப் பதில்: பெருநாள் அன்று மாதவிடாய்ப் பெண்களும் திடலுக்கு அழைத்து வரப்பட்டார்கள், தொழும் இடத்துக்குப் பின்னால் இருந்துகொண்டு மக்களோடு தக்பீர் சொன்னார்கள், துஆவில் கலந்துகொண்டார்கள். தொழுகையும் நோன்பும் அந்த நாட்களில் நமக்கு இல்லை. திக்ர், சலவாத், துஆ, ஸதகா (தர்மம்), உறவைப் போய்ப் பார்ப்பது எல்லாம் அப்படியே இருக்கின்றன.

நோன்பைப் பொறுத்தவரை, முடிந்தால் ஒன்பது நாளும் வைக்கலாம். முடியாவிட்டால் ஒன்பதாம் பிறையான அரஃபா நோன்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். போன வருடத்துக்கும் வருகிற வருடத்துக்கும் பாவப் பரிகாரமாகும் என்று முஸ்லிமில் அபூகதாதா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் இருக்கிறது. இது ஹஜ்ஜுக்குப் போகாத நமக்குத்தான். ஹாஜிகள் அன்று கூடி நிற்கும் அரஃபா திடலில் நபி (ஸல்) அவர்கள் நோன்பு வைத்திருக்கிறார்களா என்று மக்களுக்குச் சந்தேகம் வந்தபோது, உம்முல் ஃபள்லு (ரலி) ஒரு கிண்ணம் பால் அனுப்பினார்கள். ஒட்டகத்தின் மேல் இருந்தபடியே எல்லோரும் பார்க்க நபியவர்கள் அதைக் குடித்தார்கள். ரமலானில் விட்ட கழா நோன்பு (பிறகு ஈடுசெய்ய வேண்டியது) பாக்கி இருக்கிறதா? அதையே அந்த நாளில் கழா நிய்யத்தோடு (எண்ணத்தோடு) வைத்தால் அந்த நாளின் நன்மையும் கிடைக்கும் என்று ஷாஃபிஈ மத்ஹபின் பிற்கால இமாம்கள் சொல்லியிருக்கிறார்கள். நான் பெரும்பாலும் அப்படித்தான் வைக்கிறேன்.

எந்த நாள் அரஃபா என்று வருடா வருடம் வீட்டில் பேச்சு வரும். 2025இல் ஹாஜிகள் அரஃபாவில் நின்றது ஜூன் 5, வியாழக்கிழமை. என் கணவர் அன்று நோன்பு. நமக்கு ஒன்பதாம் பிறை ஜூன் 6, வெள்ளிக்கிழமை, அவருக்கோ அன்று பெருநாள். நான் எங்கள் ஊர்ப் பிறைப்படிதான் வைக்கிறேன், சவூதி நாளில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். இதை வைத்து குடும்ப குரூப்பில் சண்டை போடுவதுதான் எனக்கு வருத்தம். புனித மாதத்தில் மானத்தைக் காக்கச் சொன்ன ஹதீஸை மேலே சொன்னேனே.

அரஃபா நாளில் அஸரிலிருந்து (பிற்பகல் தொழுகை) மஃரிப் (சூரியன் மறையும் நேரத் தொழுகை) வரை உள்ள நேரத்தை மட்டும் எப்படியாவது காலியாக வைத்துக்கொள்ளுங்கள். துஆக்களில் சிறந்தது அரஃபா நாளின் துஆ என்று திர்மிதியில் வருகிறது. அந்த நாளைவிட அதிகமாக அல்லாஹ் நரகத்திலிருந்து அடியார்களை விடுவிக்கும் நாள் இல்லை என்று முஸ்லிமில் வருகிறது. நான் முன்கூட்டியே அரை நாள் லீவு சொல்லிவிடுவேன். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் முதல் நாள் எடுத்துவைத்த இட்லி மாவும் போதும், அன்று வடை சுடுவதில்லை. ஒரு சின்ன நோட்டில் பெயர்கள் எழுதி வைத்திருக்கிறேன். மவுத்தான என் வாப்பா, உம்மா, மதினி, ஆபீஸில் உடம்பு முடியாத தோழி, ஷார்ஜாவில் தனியாக இருக்கும் அவர். ஒவ்வொரு பெயராக நிறுத்திக் கேட்பேன். அரபியில் தெரிந்ததை அரபியிலும் மற்றதைத் தமிழிலும்.

குர்பானி கொடுக்க நிய்யத் இருந்தால் பிறை பார்த்ததிலிருந்து அறுக்கும்வரை முடியும் நகமும் வெட்டாமல் இருங்கள், உம்மு ஸலமா (ரலி) அறிவிப்பில் உள்ளது. பெருநாள் அன்றும் அடுத்த மூன்று நாட்களும் நோன்பு கூடாது. அவை உண்பதற்கும் பருகுவதற்கும் அல்லாஹ்வை நினைப்பதற்கும் உள்ள நாட்கள்.

ஒன்பதாம் பிறை சுபுஹிலிருந்து (அதிகாலைத் தொழுகை) ஒவ்வொரு பர்ளுத் (கடமையான) தொழுகைக்குப் பின்னும் தக்பீர் உண்டு, மொத்தம் 23 வக்து (தொழுகை வேளை). சுவரில் ஒரு தாள் ஒட்டி மகள் அதில் கோடு போட்டுக்கொண்டே வருவாள். பதின்மூன்றாம் பிறை அஸருக்குப் பின் கடைசிக் கோடு. அதே தாளின் கீழே, முஹர்ரம் 9, 10 நோன்புக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணி எழுதிவைப்பாள்.