ஆறு முறை உலக சாம்பியனான மேரி கோமுக்கு ஒலிம்பிக்கில் ஏன் ஒரு வெண்கலம் மட்டும்?

திறமை குறைவில்லை, காலமும் எடையும்தான் காரணம். பெண்கள் குத்துச்சண்டையை ஒலிம்பிக்கில் சேர்த்ததே 2012 லண்டனில்தான். அதற்குள் மணிப்பூர்க்காரரான மேரி 2002, 2005, 2006, 2008, 2010 என்று ஐந்து உலகத் தங்கம் வாங்கிவிட்டார், அதுவும் நடுவில் 2007-ல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்று, மறு வருஷமே வந்து ஜெயித்தவர்.

சரி, லண்டனில் என்ன ஆச்சு? அவர் ஜெயித்ததெல்லாம் 45 முதல் 48 கிலோ வரையிலான பிரிவுகளில், ஆனால் ஒலிம்பிக்கில் இருந்த குறைந்தபட்சப் பிரிவே 51 கிலோ. மூணு கிலோ என்ன பெரிசு என்று தோணும். எதிரில் நிற்பவருக்கு உயரமும் கை நீளமும் கூடுதலாக இருந்தால், அடிக்க உள்ளே போவதற்குள்ளேயே இரண்டு குத்து வாங்க வேண்டியிருக்கும். அரையிறுதியில் இங்கிலாந்தின் நிகோலா ஆடம்ஸிடம் 11-6 என்று தோற்று, வெண்கலத்தோடு திரும்பினார்.

2016 ரியோவுக்குத் தகுதி பெறவில்லை. அப்புறம் 2018-ல், 35 வயதில், மறுபடி 48 கிலோவில் இறங்கி ஆறாவது தங்கம்! டோக்கியோவில் திரும்பவும் 51 கிலோ. கொலம்பியாவின் இங்கிரித் வலென்சியாவிடம் மூன்றில் இரண்டு சுற்றுகளை வென்றும், முதல் சுற்றில் விட்ட புள்ளிகளால், ஐந்து நடுவர்களில் மூவர் எதிராளிக்குத் தீர்ப்பளிக்க, 3-2 என்று போனது. எனக்கு இன்னும் ஆறவில்லை.