அழகுப்புல்: விதை போட்டு வளர்க்கலாமா?

வருஷக்கணக்கில் நிற்கும் அழகுப்புல் பற்றி நம்ம வேலூர்ப் பக்கத்து ஆட்கள் கேட்டதற்கு, நாற்றுப்பண்ணை நடத்தும் அக்கா ஒருவரின் பதில்கள்.

காட்பாடி: ஃபவுண்டன் கிராஸ் (கதிர் நீரூற்று மாதிரி வளைந்து விழும் அழகுப்புல்) விதையை அரை இன்ச் ஆழத்தில் போட்டேன் அக்கா. மூணு வாரமாச்சு, ஒண்ணும் வரலை.

அந்த அரை இன்ச்தான் வினை. இந்த விதை வெளிச்சம் பட்டால்தான் ஒழுங்காக முளைக்கும். கழுவிய தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு, சலித்த மணல் ஒரு பங்கு கலந்து குழித்தட்டில் நிரப்புங்கள். விதையில் பஞ்சு ஒட்டியிருந்தால் காற்றில் பறக்கும். கொஞ்சம் மணலோடு சேர்த்து உள்ளங்கையில் கசக்கித் தூவுங்கள். விரலால் ஒரு அழுத்து, அவ்வளவுதான், மேலே மண் போட வேண்டாம். பூவாளியில் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். தட்டைத் தண்ணீரில் உட்கார வைத்து, மேல்பரப்பு கறுத்ததும் எடுத்துவிடுங்கள். ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் பச்சை ஊசி மாதிரி எழும்பும். எறும்பு தூக்கிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிலர் முளைத்ததைக் களை என்று பிடுங்கிப் போட்டுவிட்டு என்னிடம் கேட்கிறார்கள்! வரிசையாகப் போட்டால் அந்தக் குழப்பம் வராது. சந்தேகமிருந்தால் தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள். மூன்று பட்டை தட்டுப்பட்டால் கோரை.

ராணிப்பேட்டை: ஆன்லைனில் நீலநிற பம்பாஸ் விதை வாங்கினேன். எப்போது பூக்கும்?

நீலமாகப் பூக்கவே பூக்காது சார். தென் அமெரிக்கப் புல் அது. வெள்ளை, சந்தனநிறம், சிலதில் லேசான ரோஸ், இவ்வளவுதான் இயற்கை. படத்தில் இருப்பது சாயம். நிஜமான பம்பாஸ் விதையாகவே இருந்தாலும் பூப்பார்க்க இரண்டு மூன்று வருஷம் ஆகும்.

ஆம்பூர்: எங்க போர் தண்ணி உப்பு. நாற்று நுனி கருகுது.

முளைக்கும் பருவத்தில் உப்பு ஆகாது. மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள், இல்லையென்றால் நாற்று வேர் பிடிக்கும்வரை கேன் தண்ணீர் கொடுங்கள். தட்டுக்கு எவ்வளவு செலவாகிவிடப் போகிறது?

குடியாத்தம்: எந்த மாசம் விதைக்கலாம்?

ஆடிக் கடைசி, ஆவணி. புரட்டாசியில் நட்டால் ஐப்பசி மழையில் வேர் இறங்கிவிடும். அக்னி நட்சத்திரத்தில் தட்டு வைக்காதீர்கள்; மத்தியானத்துக்குள் காய்ந்து சருகாகும்.

ஆரணி: ஊதா ஃபவுண்டன் கிராஸ், வெட்டிவேர் இரண்டுக்கும் விதை எங்கே கிடைக்கும் அக்கா?

தேடாதீங்க தம்பி. அந்த ஊதா ரகம் முளைக்கிற விதை வைப்பது அபூர்வம். நம்ம ஊரில் வளர்க்கிற வெட்டிவேரும் அப்படித்தான். இரண்டையும் தூர் பிரித்துத்தான் நட வேண்டும். இலையை ஒரு சாணுக்கு வெட்டிவிட்டு, வேரோடு இரண்டு மூன்று தூராகப் பிய்த்து, மழை தொடங்கும்போது நடுங்கள். விதைக்காகக் காத்திருப்பதைவிட இது நூறு மடங்கு மேல்.

ஏலகிரி: வீட்டை ஒட்டிக் காடு. பச்சை ஃபவுண்டன் கிராஸ் வைக்கலாமா?

நான் தரமாட்டேன். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த புல். விதை காற்றில் போய் எங்கும் முளைக்கும். ஹவாய் தீவில் அழகுக்குக் கொண்டுபோனது பரவி, காய்ந்து, காட்டுத்தீக்கு எண்ணெய் ஊற்றுகிறது. ஏற்கெனவே வைத்திருந்தால் கதிர் வெளுத்து உதிரும் முன்னே அறுத்துவிடுங்கள். உங்களுக்கு வெட்டிவேரும் எலுமிச்சைப்புல்லும் போதும். கொல்லை ஓரம் வரிசையாக வைத்தால் சரிவு மண்ணையும் பிடித்துக்கொள்ளும்.